இரத்தத்தில் நோய், மூளையில் காயம்

ஒரு மாணவன் பாடத்தைக் கவனிப்பதில்லை. சொன்னதை மறந்து விடுகிறான். கணக்கைப் பாதியில் விட்டு விடுகிறான். வகுப்பில் அவனுக்குக் கிடைக்கும் பெயர் என்ன? சோம்பேறி, மந்தபுத்தி! ஆனால், அரிவாள் அணுச் சோகை எனும் பரம்பரை இரத்த நோயோடு பிறந்த பிள்ளைகளுக்கு இந்தப் பெயர் பல வேளைகளில் அநியாயமானது. குறை அவர்களின் குணத்தில் இல்லை. நோயால் மூளையில் ஏற்பட்ட காயமே அதற்குக் காரணமாக இருக்கலாம். மருத்துவ உலகம் இதைப் புரிந்துகொள்ளப் பல தலைமுறைகள் ஆயின.

மலேசியர்களுக்குத் தாலசீமியா அறிமுகமான பெயர். அதற்கு உறவான நோய்தான் இதுவும். தாய், தந்தை இருவரிடமிருந்தும் பழுதுபட்ட மரபணு வந்து சேரும்போது, வட்டமாக இருக்க வேண்டிய சிவப்பணு அரிவாள்போல் வளைந்து விறைத்துப் போகிறது. அது இரத்தக் குழாய்களை அடைத்து, உடலெங்கும் கடும் வலியைத் தருகிறது. ஆப்பிரிக்க வம்சாவளியினரிடம் அதிகம் காணப்படும் இந்த அணுவை, 1952-ஆம் ஆண்டில் தமிழகத்தின் நீலகிரிப் பழங்குடி மக்களிடமும் ஆய்வாளர்கள் கண்டறிந்தனர்.

1910-இல் சிக்காகோ மருத்துவர் ஜேம்ஸ் ஹெரிக், கிரெனடா தீவிலிருந்து வந்த ஒரு பல் மருத்துவ மாணவரின் இரத்தத்தில் இருந்த வளைந்த அணுக்களைப் பற்றி எழுதினார். 1923-இல் ஜோர்ஜியா மாநிலத்தின் அகஸ்தா நகர மருத்துவர்கள், இதே நோயுள்ள ஒரு குழந்தைக்குப் பக்கவாதமும் வலிப்பும் வந்ததைப் பதிவு செய்தனர். ஆக, நோய் தலையையும் தாக்கும் என்பது அன்றே தெரிந்தது. ஆனால், தடுக்க வழி தெரியவில்லை. பின்னாளில், முதல் வாதம் வந்த பிள்ளைக்கு மறுபடியும் வராதிருக்க இரத்தம் ஏற்றினார்கள். அந்த முதல் அடியை முன்கூட்டியே அறிவது எப்படி?

விடை அதே அகஸ்தா நகரிலிருந்து வந்தது. ரப்பர் குழாயின் வாயை விரலால் அழுத்தினால் தண்ணீர் பீறிட்டுப் பாய்வதில்லையா? மூளையின் இரத்தக் குழாய் சுருங்கும்போதும் இரத்தம் அப்படித்தான் வேகமெடுக்கும். டாக்டர் ரோபர்ட் ஆடம்ஸ் குழுவினர் அந்த வேகத்தை ஒலி அலைக் கருவியால் அளந்தனர். ஊசி இல்லை, வலி இல்லை. வேகம் கூடிய பிள்ளைகளுக்கே வாதம் அதிகம் வருகிறது என்பதை 1992-இல் அவர்கள் வெளியிட்டனர்.

அடுத்து, வேகம் வினாடிக்கு 200 சென்டிமீட்டரைத் தொட்ட 130 பிள்ளைகள் ஓர் ஆய்வில் சேர்க்கப்பட்டனர். வழக்கமான கவனிப்பில் இருந்தவர்களில் 11 பேருக்கு வாதம் வந்தது. தொடர்ந்து இரத்தம் ஏற்றப்பட்டவர்களில் ஒருவருக்கு மட்டுமே வந்தது. பலன் இவ்வளவு தெளிவாக இருந்ததால் ஆய்வு முன்னதாகவே நிறுத்தப்பட்டது. 1998-இல் முடிவு வெளியானது.

ஆனால், இரத்தம் ஏற்றுவதை நிறுத்தினால் ஆபத்து திரும்புகிறது என்பதை 2005-இல் வெளிவந்த ஆய்வு காட்டியது. தொடர்ந்து ஏற்றினாலோ உடலில் இரும்புச் சத்து தேங்குகிறது. தகுந்த பிள்ளைகளுக்கு ஓராண்டுக்குப் பின் ஹைட்ராக்சியூரியா மாத்திரைக்கு மாறலாம் என்பது 2016-இல் உறுதியானது.

கை கால் விழுந்தால் வீட்டார் பதறி மருத்துவமனைக்கு ஓடுவர். வெளியே எதுவும் தெரியாமல் மூளையில் சிறு காயங்கள் விழுந்தால்? எம்.ஆர்.ஐ. படங்களில் மட்டுமே தெரியும் இந்த ஓசையில்லாக் காயங்கள், இந்நோயின் கடுமையான வகையைக் கொண்ட பிள்ளைகளில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கினருக்குப் பதின்ம வயதுக்குள் ஏற்பட்டு விடுகின்றன. கவனம், நினைவாற்றல், திட்டமிடும் திறன் ஆகியவை குறைகின்றன. மாதந்தோறும் இரத்தம் ஏற்றினால் புதிய காயங்கள் குறையும் என்று 2014-இல் தெரிய வந்தது. விழுந்த காயத்தை அழிக்க முடியாது. இதோடு அடிக்கடி வரும் வலி, பள்ளிக்குப் போக முடியாத நாட்கள், திட்டு, கேலி எல்லாம் சேர்ந்தால் அந்தப் பிஞ்சு மனம் என்ன பாடுபடும்?

இந்நோயின் கடுமையான வகை உள்ள பிள்ளைகளுக்கு 2 முதல் 16 வயது வரை ஆண்டுதோறும் ஒலி அலைச் சோதனை செய்ய வேண்டும் என்பது மருத்துவ வழிகாட்டுதல். ஆனால், சோதனை பிறந்த அமெரிக்காவிலேயே 2019-ஆம் ஆண்டில் 2 முதல் 9 வயதினரில் 47 விழுக்காட்டினரும், 10 முதல் 16 வயதினரில் 38 விழுக்காட்டினரும் மட்டுமே அதைச் செய்துகொண்டதாக அந்நாட்டின் நோய்த் தடுப்பு மையம் 2022-இல் தெரிவித்தது. இந்தியா 2023-இல் ஏழு கோடிப் பேரின் இரத்தத்தைச் சோதிக்கும் இயக்கத்தைத் தொடங்கியது. இரத்தத்தில் நோய் இருப்பது தெரிந்தால் மட்டும் போதாது. பிள்ளையின் தலைக்குச் செல்லும் இரத்த ஓட்டத்தையும் பார்க்க வேண்டும்.

மருத்துவர் செய்ய வேண்டியது அது. பெற்றோரும் ஆசிரியரும் செய்ய வேண்டியது வேறொன்று. நேற்றுவரை நன்றாகப் படித்த பிள்ளை இன்று தடுமாறினால் பிரம்பைத் தேடாமல், சோதனைக்கு அழைத்துச் செல்ல வேண்டும். கூடுதல் நேரமும் கனிவும் தந்தால் அந்தப் பிள்ளையும் படிக்கும்.