நார்ஸ் மக்களின் உடல் பேணல்

இன்றைய டென்மார்க், நார்வே, சுவீடன் ஆகிய நிலங்களில் வாழ்ந்த நார்ஸ் மக்களும், அங்கிருந்து ஐஸ்லாந்து, இங்கிலாந்து, வோல்கா ஆற்றங்கரை எனப் பரவிய அவர்களுடைய கிளையினரும் முடி, தாடி, முகம், கை ஆகியவற்றைப் பேணிய வழக்கங்களுக்கு ஏராளமான சான்றுகள் உள்ளன. அவற்றுள் பெரும்பாலானவை 8 முதல் 11ஆம் நூற்றாண்டு வரை நீண்ட வைக்கிங் காலத்தவை. பரட்டைத் தலையும் அழுக்கு மேனியுமாக வைக்கிங்கைக் காட்டிய பழைய சித்திரத்தை அகழாய்வுகள் தகர்த்துவிட்டன. ஆனால் அதன் இடத்தில், அன்றைய ஐரோப்பாவிலேயே மிகத் தூய்மையானவர்கள் இவர்கள்தாம் என்ற கூற்று வந்து அமர்ந்திருக்கிறது. அதுவும் சான்றுகளுக்குப் பொருந்தவில்லை. பிறர் கண்ணில் படும் உடலை நார்ஸ் மக்கள் பெருங்கவனத்தோடு பேணினார்கள். ஒருவரின் மதிப்பு அதில்தான் இருந்தது. நோயைத் தடுக்கும் தூய்மை அவர்களுடைய அக்கறையாக இருக்கவில்லை. இந்த வேறுபாட்டை மனத்தில் கொண்டால், ஒன்றோடொன்று முரண்படுவதாகத் தோன்றும் சான்றுகள் இணங்கிவிடுகின்றன.

சான்றுகளில் முதலிடம் சீப்புக்கே. ரூன் எழுத்துகள் பொறித்து இன்று கிடைக்கும் மிகப் பழைய பொருள்களுள் ஒன்று, டென்மார்க்கின் விமோசே சதுப்பு நிலத்தில் கிடைத்த சீப்பு. அதன் காலம் ஏறத்தாழ கி.பி. 160. வைக்கிங் காலத்தில் சீப்பு செய்வது தனித் தொழிலாகவே வளர்ந்திருந்தது. எலும்பைவிட மான்கொம்பு எளிதில் முறியாது என்பதால் சீப்புக்காரர்கள் கொம்பையே விரும்பினார்கள். கொம்பின் நார் ஓடும் திசையிலேயே பற்கள் அமையும்படி சிறு தகடுகளை அறுத்து, அவற்றை வரிசையாக அடுக்கி, இருபுறமும் நீண்ட பட்டைகள் வைத்து ஆணி அறைந்து இறுக்குவார்கள். பற்களை ரம்பத்தால் அறுப்பது அதன் பிறகுதான். டென்மார்க்கின் ரீபே நகரில் துருவ மானின் கொம்பு 8ஆம் நூற்றாண்டு மண்ணடுக்குகளிலேயே கிடைத்திருக்கிறது. அந்த மான் அங்கு வாழ்வதில்லை. கொம்பு வடக்கிலிருந்து கடல் வழியாகத்தான் வந்திருக்க வேண்டும். சீப்போடு சாமணம், நகம் சுரண்டும் கருவி, காதுக் குறும்பி எடுக்கும் சிறு கரண்டி ஆகியவையும் சுவீடனின் பிர்கா போன்ற இடங்களில் கல்லறைகளிலிருந்து கிடைத்துள்ளன. கல்லறைப் பொருள் செல்வர்களின் வாழ்வை மட்டுமே காட்டும் என்று மறுக்கலாம். ஆனால் ரீபே, ஹெடபி, யார்க் நகரங்களில் அறுத்தெறிந்த கொம்புக் கழிவு குவிந்து கிடப்பதைப் பார்த்தால், சீப்பு சந்தைச் சரக்காக இருந்தது தெளிவாகிறது. பேன் எடுக்கத்தான் இத்தனை சீப்பும் என்ற மறுப்பில் பாதி உண்மை உண்டு. ஆயினும் பேன் எடுக்க மட்டும் என்றால் சீப்புக்கு உறையும் அணிவேலையும் வேண்டியதில்லை. இங்கிலாந்தின் லிங்கனில் கிடைத்த சீப்புறை ஒன்றில், நல்ல சீப்பு செய்தவன் தான் என்று தோர்ஃபாஸ்ட் என்பவன் பெயர் பொறித்திருக்கிறான். தான் செய்த பொருள் ஊரார் கண்ணில் படும் என்று நம்பியவன் அவன்.

அயலாரின் எழுத்துகளை எடைபோட்டுத்தான் கொள்ள வேண்டும். 922இல் வோல்கா கரையில் ரூஸ் எனப்பட்ட நார்ஸ் வணிகர்களைக் கண்ட அரபுப் பயணி இப்னு ஃபட்லான், இறைவன் படைத்தவர்களிலேயே மிக அழுக்கானவர்கள் என்று அவர்களைச் சாடினார். காலைதோறும் ஒரே பாத்திரத்து நீரில் ஒருவர்பின் ஒருவராகக் கை, முகம், தலை கழுவி, அதிலேயே மூக்கைச் சிந்தித் துப்பியதுதான் அவருக்கு அருவருப்பு. தொழுகைக்கு முன் தூய நீரால் உடல் கழுவும் மரபில் வளர்ந்தவருக்கு அது இயல்பே. ஆனால் அவருடைய குற்றச்சாட்டுக்குள்ளேயே, அவர்கள் நாள்தோறும் முகம் கழுவித் தலை வாரினார்கள் என்ற செய்தியும் அடங்கியிருக்கிறது. எதிர்முனையில் நிற்பது வாலிங்ஃபோர்டு ஜானின் பெயரில் வழங்கும் 13ஆம் நூற்றாண்டு ஆங்கில நாளாகமம். டேனியர்கள் நாள்தோறும் தலை வாரி, சனிக்கிழமைதோறும் நீராடி, அடிக்கடி உடை மாற்றி ஆங்கிலேயப் பெண்களை மயக்கினார்கள் என்று அது குறைசொல்கிறது. ஆங்கிலேயர் டேனியர்களைக் கொன்ற 1002ஆம் ஆண்டுப் படுகொலைக்கு நியாயம் தேடும் நூல் இருநூறு ஆண்டுகள் கழித்து எழுதியதை எப்படி நம்புவது என்ற கேள்வி சரியானது. அதை மட்டும் வைத்து எதையும் முடிவு செய்யக்கூடாது. ஆனால் சனி நீராட்டு அந்நூலின் கற்பனையன்று. ஸ்காண்டிநேவிய மொழிகளில் அந்தக் கிழமையின் பெயரே குளியலைக் குறிப்பதுதான். முடியைப் பற்றிய செய்திக்கும் வேறு துணை உண்டு. 793இல் லிண்டிஸ்ஃபார்ன் மடம் சூறையாடப்பட்டதும் நார்தம்ப்ரிய மன்னர் ஏத்தெல்ரெட்டுக்குக் கடிதம் எழுதிய அறிஞர் அல்குயின், முடியிலும் தாடியிலும் அந்தப் புறச்சமயத்தாரைப் போலவே வேடம் கட்டுகிறீர்களே என்று கடிந்தார். அழுக்குப் பிண்டங்களின் தோற்றத்தை யாரும் விரும்பிப் பின்பற்றுவதில்லை. 907இல் கான்ஸ்டான்டிநோபிளில் ரூஸ் வணிகர்களுக்குக் கிடைத்த உரிமைகளைப் பட்டியலிடும் பழைய ரஷ்ய நாளாகமம், வேண்டிய அளவு நீராடும் வசதியையும் அவற்றுள் சேர்த்திருக்கிறது.

நார்ஸ் இலக்கியம் இதை உள்ளிருந்தே உறுதிசெய்கிறது. விருந்தாளிக்கு நீரும் துவாலையும் தர வேண்டும், ஊர் மன்றத்துக்குப் போகும்போது உடை மட்டமாயிருந்தாலும் குளித்துச் செல்ல வேண்டும் என்று ஹாவமால் என்ற பாடல் அறிவுரை சொல்கிறது. செல்வமில்லாதவனும் மன்றத்தில் தலைநிமிர்ந்து நிற்க வழி சொல்லும் அறிவுரை இது. பால்டர் என்ற கடவுளின் கொலைக்குப் பழிவாங்கப் பிறந்த வாலி, பழி தீரும்வரை கை கழுவவில்லை, தலை வாரவில்லை. நார்வே முழுவதையும் வெல்லும்வரை முடியை வெட்டுவதில்லை, வாருவதில்லை என்று ஹாரால்டு மன்னன் சூளுரைத்ததாக ஐஸ்லாந்து எழுத்தாளர் ஸ்னோர்ரி ஸ்டுர்லுசன் எழுதுகிறார். வாராத தலை இங்கே அசாதாரண நிலையின் அடையாளம். வாரிய தலை அன்றாட ஒழுங்கு என்று எல்லாரும் ஏற்றிருந்தால்தான் இந்தக் கதைகளுக்கு வலு உண்டு. இறந்தவரின் கையையும் தலையையும் கழுவி, முடியை வாரிய பின்பே பெட்டியில் வைக்கச் சொல்லும் பாடலும் இருக்கிறது. இந்நூல்கள் 13ஆம் நூற்றாண்டில் ஏட்டில் ஏறியவை என்பதால் அவற்றைத் தள்ள வேண்டியதில்லை. பல நூற்றாண்டுகள் முந்திய கல்லறைகளும் பட்டறைகளும் இதே கவனத்தைத்தான் காட்டுகின்றன.

இனி மறுபக்கம். 1972இல் யார்க்கில், வங்கிக் கட்டடம் ஒன்று எழவிருந்த இடத்தில், வைக்கிங் காலத்து மனித மலம் ஏறத்தாழ 20 செ.மீ. நீளத்தில் கல்லாய் இறுகிக் கிடைத்தது. அதில் சாட்டைப்புழு, உருளைப்புழு முட்டைகள் நிறைய இருந்தன. அதே நகரின் காப்பர்கேட் தெருவில், வீட்டு முற்றங்களிலேயே மலக்குழிகள் இருந்தன. துடைக்கப் பாசியைப் பயன்படுத்தியிருக்கிறார்கள். வீட்டுத் தரையில் பேனும் தெள்ளும் கிடைத்துள்ளன. காப்பர்கேட்டில் சீப்புகளும் ஏராளம். நேர்த்தியாகத் தலை வாரியவரின் வயிற்றில் புழு நெளிந்தது என்பதில் முரண் எதுவும் இல்லை. புழு எங்கிருந்து வருகிறது என்பதை அன்று யாரும் அறிந்திருக்கவில்லை. இந்தக் குறை நார்ஸ் மக்களுக்கு மட்டும் உரியதன்று. கலைந்த முடியோ எல்லார் கண்ணுக்கும் தெரிந்தது.

கண்ணுக்குத் தெரிவதுதான் அளவுகோல் என்றால், அது ஆளைத் தரம் பிரிக்கவும் உதவியது. ரீக்ஸ்துலா என்ற பாடல் அடிமையின் சுருங்கிய தோலையும் முரட்டு விரல்களையும் வருணித்து, பிரபுவின் வெளிர்முடியோடும் ஒளிவீசும் கன்னத்தோடும் ஒப்பிடுகிறது. தலை வார நேரமும் வெந்நீருக்கு விறகும் இல்லாதவனின் வறுமையை அது பிறவிக் குறையாக்கிவிடுகிறது. ஐஸ்லாந்தில் விறகு இல்லாமலே வெந்நீர் கிடைத்தது. ரெய்க்ஹோல்ட்டில் ஸ்னோர்ரியின் வெந்நீர்க் குளம் இன்றும் இருக்கிறது. லக்ஸ்தேலா சாகா என்ற ஐஸ்லாந்துக் கதையில் குட்ரூனும் கியார்டனும் சந்தித்துப் பேசுவதும் வெந்நீர் ஊற்றருகில்தான். நார்வேயில் இந்த அக்கறை அரசவை வழக்கமாகவே ஆனது. 1250ஐ ஒட்டி எழுதப்பட்ட 'அரசரின் கண்ணாடி' என்ற நார்வே நூலில், அரசவைக்குப் போகவிருக்கும் மகனுக்குத் தந்தை, தாம் அவையில் இருந்தபோது முடி காதுமடலுக்குச் சற்று மேலே நிற்பதும், பின்னர் நெற்றிமுடியைப் புருவத்துக்கு மேல் குட்டையாக வெட்டுவதும் வழக்கமாயிருந்தன என்கிறார். கன்னத்துத் தாடியை ஜெர்மானியர் பாணியில் மழிக்கும் வழக்கம் தாம் அவையில் இருந்த காலத்துக்குப் பிறகு வந்தது என்றும் சொல்கிறார்.