சுமாத்திராவின் அதிர்வும் திருகோணமலையின் கடலும்

2004 ஆம் ஆண்டு டிசெம்பர் 26 ஆம் திகதி, ஞாயிற்றுக்கிழமை. பௌர்ணமி தினம். காலை 7 மணிக்குச் சற்று முன்னர் வட சுமாத்திராவுக்கு அப்பால் கடலடி பிளந்தது. திருகோணமலையில் பெரும்பாலானோர் எதனையும் உணரவில்லை. ஏறத்தாழ இரண்டு மணி நேரத்தின் பின்னர் குச்சவெளி, நிலாவெளி, கிண்ணியா, மூதூர் எனக் கரையோர ஊர்களுக்குள் கடல் புகுந்தது. மாவட்டத்தில் ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். கிண்ணியா வைத்தியசாலையும் அழிந்தது. பயன்படாமற் போன அந்த இரண்டு மணி நேரத்தை விளங்கிக்கொள்வதற்குச் சிறிதளவு புவியியல் அறிவு போதும்.

புவியின் மேற்படை ஒரே துண்டாக அமைந்ததன்று. பல பெருந்தகடுகளாகப் பிளவுண்டு, கீழேயுள்ள வெப்பம் மிகுந்த, மெல்ல நெகிழும் பாறைப்படையின் மீது அது நகர்கிறது. இலங்கையும் இந்தியாவும் அமைந்துள்ள தகடு ஆண்டுக்குச் சுமார் 5 சென்ரிமீற்றர் வீதம் வடகிழக்காகச் செல்கிறது. வடக்கே ஆசியாவுடன் மோதி இமயத்தை உயர்த்தும் இத்தகடு, கிழக்கே அந்தமான் - சுமாத்திரா வரிசையில் அயல் தகட்டின் கீழே அமிழ்கிறது. இவ்வமிழ்வு சீராக நிகழ்வதில்லை. உராய்வினால் இரு தகடுகளும் ஒன்றையொன்று பற்றிக்கொள்ள, மேல் தகட்டின் விளிம்பு நாணேற்றிய வில்லைப் போல நூற்றாண்டுக் கணக்கில் வளைகிறது. பிடி விடுபடும்போது அது துள்ளி எழுகிறது. அன்று சுமார் 1,300 கிலோமீற்றர் நீளத்துக்கு, பத்து நிமிடங்களுக்குள் இப்பிடி விடுபட்டது. அளவு 9.1. (இதனை ‘ரிக்டர்’ என்று எழுதுவது பத்திரிகைகளின் பழக்கதோஷம். இத்தகைய பேரதிர்வுகள் வேறோர் அளவுகோலால் கணிக்கப்படுகின்றன.) அளவில் ஓர் எண் கூடுமாயின் வெளிப்படும் சக்தி ஏறத்தாழ 32 மடங்காகிறது.

கடலடி உயர்ந்தமையால் அதன்மேல் நின்ற நீர் முழுவதும் உயர்ந்தது. பிளவு வடக்குத் தெற்காக நீண்டிருந்ததனால் அலையின் பெருவலிமை கிழக்கே தாய்லாந்தையும் மேற்கே இலங்கையையும் தமிழகத்தையும் நோக்கிச் சென்றது. வடக்கேயுள்ள வங்காளதேசம் பெருமளவில் தப்பியது. ஆழ்கடலில் மணிக்குச் சுமார் 700 கிலோமீற்றர் வேகத்தில் விரையும் இவ்வலை, அங்கு ஒரு மீற்றர் உயரமும் இராது. ஆழம் குறையக் குறைய வேகம் தணிந்து உயரம் பெறுகிறது. ஆழமும் குன்றுகளின் மறைப்புமுள்ள உட்துறைமுகத்தைக் காட்டிலும் திறந்த மணற்கரைகளே பேரழிவைக் கண்டன.

கடல் உள்வாங்கினால் ஓட வேண்டும் என்று பலரும் கற்பிக்கின்றனர். சரியே, ஆனால் எமது கரைக்கு அது போதாது. கடலடி மேலெழுந்த பக்கம் மேற்கு. ஆகவே தாய்லாந்தில் முதலில் அலையின் பள்ளமும் இலங்கையில் முதலில் அதன் முகடும் வந்து சேர்ந்தன. இங்கு நீர் முதலில் ஏறியது, பின்னர் வடிந்தது, அதன் பின்னரே பேரலை வந்தது. வடிந்த கடலைப் பார்க்கச் சென்றவர்கள் ஆபத்து முடிந்துவிட்டதென எண்ணியதில் வியப்பில்லை.

திருகோணமலையில் இன்னொரு அச்சமும் உண்டு. கன்னியா வெந்நீரூற்றுகளைக் காட்டி, அடியில் எரிமலை உறங்குகிறது என்பார்கள். அப்படி எதுவுமில்லை. மழைநீர் பாறைப் பிளவுகளின் வழியே ஆழத்துக்கு இறங்கிச் சூடாகி மீள்கிறது. கீழே செல்லச் செல்ல ஒவ்வொரு கிலோமீற்றருக்கும் 25 முதல் 30 பாகை வரை வெப்பம் கூடுவது புவியின் பொது இயல்பு. தகட்டின் நடுப்பகுதியில், மிகத் தொன்மையான பாறைகளின் மீது அமைந்த தீவு இது. எனினும் அதிர்வே வராத நிலம் என்று கூற இயலாது. 1615 இல் கொழும்பை உலுக்கிய நிலநடுக்கம் பதிவாகியுள்ளது. 2023 இல் புத்தல, வெல்லவாய பகுதிகளில் சிற்றதிர்வுகள் உணரப்பட்டன. இவை பழைய பிளவுகளில் தேங்கிய அழுத்தம் தணிவதன் விளைவுகள். ஆழிப்பேரலையை எழுப்பும் ஆற்றல் இவற்றுக்கு இல்லை.

2004 இல் இந்து சமுத்திரத்துக்கென எச்சரிக்கை அமைப்பு எதுவும் இருக்கவில்லை. பசுபிக்கில் அது 1949 முதல் இயங்கி வந்தது. அனர்த்த முகாமைத்துவச் சட்டம் இங்கு 2005 இல்தான் நிறைவேறியது. 2012 ஏப்ரல் 11 ஆம் திகதி சுமாத்திராவுக்கு அப்பால் 8.6 அளவில் நிலம் அதிர்ந்தபோது எச்சரிக்கை உரிய வேளையில் வந்தது. கரையோர மக்கள் உள்நோக்கி நகர்ந்தனர். பேரலை வரவில்லை. அன்று பாறைகள் பக்கவாட்டில் உராய்ந்து நகர்ந்தனவேயன்றிக் கடலடியைப் பெரிதாக உயர்த்தவில்லை என்பதே காரணம். எச்சரிக்கை பொய்க்கவில்லை. அதிர்வின் அளவு சில நிமிடங்களில் தெரிந்துவிடும். அலை எழுந்ததா என்பதைக் கடலிலுள்ள கருவிகள் உறுதிசெய்ய மேலும் நேரம் வேண்டும். அந்த நேரமும் இரண்டு மணி நேரத்துக்குள்தான் அடங்குகிறது.