மகாகெதரவும் லயக் காம்பராவும்

நமது நாட்டில் கிராமத்துக் குடும்ப வாழ்வை ஆரவாரமின்றித் திரைக்குக் கொண்டுவந்தவர் யார் என்று கேட்டால், லெஸ்டர் ஜேம்ஸ் பீரிஸின் பெயரே முதலில் வரும். அரசாங்கத் திரைப்படப் பிரிவில் தமக்கிருந்த வேலையை உதறிவிட்டு, ஒளிப்பதிவாளர் வில்லியம் பிளேக், படத்தொகுப்பாளர் டைட்டஸ் தொட்டவத்த ஆகியோருடன் கமராவைத் தூக்கிக்கொண்டு கிராமத்துக்கே போனவர் அவர். அப்படிப் பிறந்த 'ரேகாவ' 1956இல் வெளியானது. மறு ஆண்டு பிரான்சின் கான் விழா வரை சென்றது. உள்ளூரில் பணம் தேடித் தரவில்லை.

எனினும் அவருடைய முழு ஆற்றலையும் காண வேண்டுமாயின் 'கம்பெரலிய'வைப் பார்க்க வேண்டும். மார்ட்டின் விக்கிரமசிங்கவின் நாவலைத் தழுவி 1963இல் வந்த படம். பெருமை மிஞ்சி வருமானம் குன்றிய ஒரு தெற்கத்திக் குடும்பம், மகள் நந்தா, அவளை விரும்பும் ஆசிரியன் பியல், குலம் பார்த்துப் பெற்றோர் தேர்ந்த ஜினதாச. வில்லன் என்று எவரும் இல்லை. காலம் மெல்ல மெல்ல அந்த மகாகெதரவை, அந்தப் பெரிய வீட்டை, அரித்துக்கொண்டு போகிறது. 1965இல் புதுடில்லி விழாவில் இப்படத்துக்குத் தங்க மயில் கிடைத்தது.

நான் இதனைப் பார்த்தது வெகு பிந்தித்தான். என் இளமையில் சம்பளம் போட்ட மறு ஞாயிறு தோட்டத்திலிருந்து பதுளை டவுனுக்கு இறங்கினால் எம்.ஜி.ஆர். படம், அல்லது சிவாஜி படம். சிங்களப் படத்துக்கு எங்கள் லயத்தில் யாரும் போனதாக ஞாபகமில்லை. பிந்திப் பார்த்தபோது என்னுள் எழுந்த கேள்வி இதுதான்: ஊவாவின் தோட்டத்துக் குடும்பத்துக்கு இப்படியொரு படம் ஏன் வாய்க்கவில்லை?

மலையகத்தைத் தமிழ்த்திரை தொடவே இல்லை என்று சொல்ல முடியாது. தொழிற்சங்கவாதியான வி.பி. கணேசன் தாமே நடித்து, எஸ். இராமநாதனின் நெறியாள்கையில் 1975இல் 'புதிய காற்று' படத்தைக் கொண்டுவந்தார். தோட்டங்களில் பஞ்சம் தலைவிரித்தாடிய நாட்கள் அப்போதுதான் கழிந்திருந்தன. கம்பனித் தோட்டங்கள் அரசுடைமையானதும் அதே ஆண்டில்தான். அவ்வேளையில் தொழிலாளியைக் கதாநாயகன் ஆக்கியது துணிச்சல். ஆயினும் மேடையில் பேசிப் பழகியவரின் படம் அது. தென்னிந்தியப் படங்களின் சாயலும் அதை விடவில்லை. இதைக் குறையாகச் சொல்லவில்லை. பார்க்க வந்தவர்களும் அதைத்தான் எதிர்பார்த்தார்கள்.

அடங்கிய குரலில் பேசிய ஈழத்துத் தமிழ்ப்படம் 1977இல் வந்த 'பொன்மணி'. நெறியாண்டவர் தர்மசேன பத்திராஜ என்ற சிங்களக் கலைஞர். எழுதியவர் காவலூர் இராசதுரை. யாழ்ப்பாணத்துக் குடும்பமொன்றின் சாதி, சீதனச் சிக்கல்களைக் கூச்சலில்லாமல் காட்டியது. மக்கள் திரளவில்லை. அந்த வழியில் மலையகத்துக்கு ஒருவர் வருமுன்னரே 1983 ஜூலை வந்துவிட்டது. ஹெந்தளையில் விஜயா ஸ்டூடியோ எரிந்தபோது பல படங்களின் சுருள்களும் சாம்பலாயின.

இன்னொன்றையும் யோசிக்க வேண்டும். 'கம்பெரலிய'வில் வீடே ஒரு பாத்திரம். நமது லயக் காம்பரா பத்தடிக்குப் பன்னிரண்டடி. அதற்குள் அடுப்பு, படுக்கை, சாமி படம், கலியாணமான மகனுக்காகத் தொங்கவிட்ட சேலைத் திரை. அதுவும் தோட்டத்துக்குச் சொந்தம். வேலை போனால் காம்பராவும் போகும். சொந்தமென்று ஒரு வீடு இல்லாதவன் கதையை எந்த வீட்டை வைத்துச் சொல்வது?

2018இல் லெனின் பாரதியின் 'மேற்குத் தொடர்ச்சி மலை' வந்தது. மலையேறி ஏலத்தோட்டங்களுக்குச் சுமை தூக்கும் ரங்கசாமிக்கு ஒரு துண்டு நிலம் வாங்க வேண்டும், அவ்வளவுதான் ஆசை. நமுனுகுலையிலும் பசறையிலும் காணியுறுதிக்குக் காத்திருக்கும் எவருக்கும் அந்த ஆசையை விளக்கத் தேவையில்லை. பாலாவின் 'பரதேசி' (2013) தேயிலைத் தோட்டத்தையே காட்டியது; அழுகையும் அடியும் அதில் மிகுதி. எனக்கு ரங்கசாமிதான் உறவுக்காரனாகத் தெரிந்தான். கங்காணி அடிக்காத நாட்களிலும் குடும்பம் நடந்துகொண்டுதானே இருந்தது?

வில்லன் தேவைப்படாத கதை ஊவாவில் இல்லாமலில்லை. 1964ஆம் ஆண்டின் சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் என்று பங்கிட்டது. எஞ்சிய 1,50,000 பேரை 1974இல் சரிபாதியாகப் பிரித்தார்கள். பசறைப் பக்கம் எனக்குத் தெரிந்த ஒரு காம்பராவில் தாய்க்கும் மூத்த மகனுக்கும் இந்தியக் கடவுச்சீட்டு. இளையவனுக்கு இலங்கைப் பிரஜாவுரிமை. ஆட்டை விற்றார்கள், பித்தளைக் குடங்களைப் பங்கிட்டார்கள். மூத்தவன் குடும்பத்தோடு பதுளையில் கோச்சி ஏறித் தலைமன்னாருக்குப் போனான். இளையவனுக்கு ஒரு கலியாணம் முடித்துவிட்டு வருவதாகத் தாய் பின்தங்கினார். 1984இல் கப்பல் நின்றது. 2003இல் வந்த சட்டம் அவரையும் இலங்கைப் பிரஜை ஆக்கியது. மூத்தவனுக்கென்று எடுத்து வைத்த குடம் அதன் பிறகும் அடுப்புக்கு மேலிருந்த பரணில்தான் இருந்தது. இளையவன் மனைவி அதில் ஒரு நாளும் தண்ணீர் எடுத்ததில்லை.