டி.டி.ரி: நுளம்புக்கும் கணினிக்கும் ஒரே பெயர்

வன்னியில டி.டி.ரி எண்டு சொன்னால் வயசானவைக்கு ஞாபகம் வாறது மலேரியா மருந்தடிக்க வந்த ஆக்கள்தான். வீட்டுச் சாமானெல்லாம் முற்றத்துக்கு வரும். மண்சுவரில மருந்து வெள்ளையாக் காய்ஞ்சு நிற்கும். 1940களின் நடுப்பகுதியில் இலங்கையில் தொடங்கிய இந்த மருந்தடிப்பு இல்லாமல், இரணைமடு, வவுனிக்குளம், முத்தையன்கட்டு எண்டு குளங்களுக்குக் கீழ சனம் வந்து குடியேறி நிலைச்சிருக்குமா என்பது சந்தேகம்தான்.

இதே பெயரில் 1961இல் அமெரிக்காவின் எம்.ஐ.ரி பல்கலைக்கழகத்தில் ஒரு மென்பொருளும் பிறந்தது. அது தற்செயல் இல்லை, வேணுமெண்டுதான் வைச்சவை. கணினியில் பிழையைப் 'பூச்சி' என்று சொல்லும் வழக்கம் அப்போதே இருந்தது. 1947 செப்டெம்பர் 9 அன்று ஹாவார்ட் மார்க் 2 கணினிக்குள் ஒரு அந்துப்பூச்சி சிக்கி, அதைப் பதிவேட்டில் ஒட்டி வைச்ச கதை எல்லாருக்கும் தெரியும். அங்கிருந்துதான் சொல் வந்தது எண்டு பாடப்புத்தகங்கள் கூடச் சொல்லும். அது பிழை. எடிசன் 1870களிலேயே தன் கருவிகளின் கோளாறுகளைப் 'பூச்சி' என்றுதான் எழுதினார்.

எம்.ஐ.ரியில் ரி.எக்ஸ்-0 என்ற கணினிக்கு முதலில் எழுதின கருவியின் பெயர் 'ஃபிளிட்'. அதுவும் ஒரு பூச்சிமருந்தின் பெயர்தான். அடுத்து வந்த பி.டி.பி-1 கணினிக்கு எழுதினதுக்கு, அதைவிடக் கடுமையான மருந்தின் பெயரை வைச்சினம்: டி.டி.ரி.

இது என்ன செய்யும்? இப்படியான கருவி இல்லாட்டி, புரோகிராம் நின்றுபோனால், கணினியின் முகப்பில் எரியும் சின்னச்சின்ன விளக்குகளைப் பார்த்து உள்ளே என்ன இருக்கு எண்டு கணக்குப் போடவேணும். டி.டி.ரி இருந்தால் தட்டச்சுப் பொறிக்கு முன்னால இருந்து கணினியிடமே கேட்கலாம். நினைவகத்தில் ஒரு இடத்தின் எண்ணை அடிச்சு, ஒரு சாய்கோடு போட்டால், அந்த இடத்தில் இருக்கிற பெறுமானத்தைக் கணினி பக்கத்திலேயே அச்சடிக்கும். மாத்தவேணுமெண்டால் புதுசை அடிச்சுவிட்டால் சரி. பிறகு எம்.ஐ.ரியின் ஐ.ரி.எஸ் என்ற இயங்குதளத்தில், ஆக்கள் வந்து இருந்தவுடனே முன்னால நிற்கிறதே டி.டி.ரிதான். வேறு வேலை எல்லாம் அதுக்குள்ளால போகும்.

1980இல் ரிம் பற்றர்சன் எழுதின 86-டொஸ் இயங்குதளத்தோடு 'டிபக்' எண்ட கருவி வந்தது. பிறகு அது மைக்ரோசொப்ட்டின் டொஸ்ஸுக்குள்ளும் போச்சு. அதில கட்டளைகள் ஒற்றை எழுத்துகள். 'டி' போட்டால் நினைவகத்தைக் காட்டும், 'ஆர்' போட்டால் செயலியின் பதிவகங்களை, 'ரி' போட்டால் ஒரேயொரு அறிவுறுத்தலை மட்டும் ஓட்டி நிற்கும், 'ஜி' போட்டால் ஓடவிடும்.

எனக்குப் பிடிச்சது நிறுத்தப்புள்ளி. இன்ரெல் செயலிகளில், நாங்கள் நிறுத்தவேண்டிய இடத்தில் இருக்கிற ஒரு பைட்டை டிபக்கர் எடுத்து வைச்சுக்கொண்டு, அங்கே 'சி.சி' என்ற பைட்டை வைச்சுவிடும். புரோகிராம் ஒன்றும் அறியாமல் ஓடிவந்து அதை மிதிக்கும். செயலி நிற்கும், பழைய பைட் திரும்ப வரும். அந்தக் கணத்தில் எது எங்கே கிடந்ததோ அப்படியே கிடக்கும், நாங்கள் ஆறுதலாப் பார்க்கலாம்.

இதை விளங்கின பிறகு, பெயர் வைச்சவை சறுக்கிவிட்டினம் எண்டே நினைக்கிறன். இந்தக் கருவி ஒண்டையும் கொல்லுறேல்ல. மருந்து சுவர் முழுக்க விழும், எந்த நுளம்பு எண்டு பார்க்காது. டிபக்கர் செய்யிற வேலை, விரலில் குத்தி எடுத்த இரத்தத்தைக் கண்ணாடித் தட்டில் பூசி, நுணுக்குக்காட்டியில் கிருமியைத் தேடுற ஆளின் வேலை.

இந்த வித்தியாசம் சின்ன விசயம் இல்லை. 1946இல் இலங்கையில் சுமார் 28 இலட்சம் பேருக்கு மலேரியா. 1963இல் வெறும் 17 பேர். அதோட முடிஞ்சுது எண்டு மருந்தடிப்பை நிறுத்தினார்கள், கண்காணிப்பும் தளர்ந்தது. 1969இல் மட்டும் 5 இலட்சத்துக்கு மேல் ஆக்களுக்குத் திரும்ப வந்தது. திரும்ப மருந்து அடிச்சாலும், நுளம்பு டி.டி.ரிக்குப் பழகிவிட்டது. 1977இல் மலத்தியோனுக்கு மாறவேண்டி வந்தது.

போர் நடந்த காலத்திலும் வன்னியில் சுகாதார ஊழியர்கள் இந்த வேலையை விடேல்ல. நடமாடும் கிளினிக்குகள் ஊர் ஊராய்ப் போய், காய்ச்சல் இருந்தாலும் இல்லாவிட்டாலும் இரத்தம் எடுத்துப் பார்த்தன. உள்நாட்டில் தொற்றின கடைசி நோயாளி பதிவானது 2012இல். உலக சுகாதார நிறுவனம் 2016 செப்டெம்பரில் இலங்கையை மலேரியா அற்ற நாடு என்று அறிவித்தது. அதுக்குப் பிறகும் வெளிநாட்டால வாறவையின்ர இரத்தத்தைப் பார்க்கிற வேலை நிற்கேல்ல.