அலங்கார விதிகளை எங்கே வைப்பது?



உங்கள் வீட்டுப் பிள்ளை ஓர் இணையத்தளம் அமைக்கிறான் என்று வைத்துக்கொள்வோம். எழுத்தும் படமும் போட்டாச்சு. தலைப்பு சிவப்பாக இருக்கணும், எழுத்து பெரிதாக இருக்கணும். இந்த விதிகளை எங்கே எழுதுவது? சின்னக் கேள்விதானே என்று எண்ணிவிடாதீர்கள். இதற்குப் பின்னால் ஒரு வரலாறே உண்டு.

ஜெனீவா நகருக்கு அருகிலுள்ள செர்ன் ஆராய்ச்சிக் கூடத்தில், 1989-இல் டிம் பெர்னர்ஸ்-லீ என்னும் ஆங்கிலேயர் இணைய வலைக்கு வித்திட்டார். ஆராய்ச்சியாளர்கள் தகவல் பரிமாறிக்கொள்ளவே அது பிறந்தது. வலை பரவப் பரவ, எல்லாருக்கும் அழகும் வேண்டியிருந்தது. நெட்ஸ்கேப் போன்ற உலாவிகள் 'ஃபாண்ட்' என்னும் குறியைத் தந்தன. வேண்டிய இடத்திலெல்லாம் நிறத்தையும் அளவையும் எழுதணும். நூறு பக்கம் இருந்தால், நூறையும் திறந்து மாற்றணும். என்ன பாடு, பாருங்கள்!

இதற்கு நல்ல வழியும் அக்காலத்திலேயே பிறந்தது. செர்னில் பணியாற்றிய நார்வேக்காரர் ஹோகோன் வியூம் லீ, 1994 அக்டோபர் 10-இல் 'சி.எஸ்.எஸ்.' என்னும் அலங்கார விதிமுறையை முன்மொழிந்தார். நெதர்லாந்தின் பெர்ட் போஸ் அவரோடு கைகோத்தார். 1996 டிசம்பர் 17-இல் அதன் முதல் பதிப்பு முறைப்படி ஏற்கப்பட்டது.

விதிகளை வைக்க மூன்று இடங்கள் கிடைத்தன. ஒன்று, அந்தந்த வரிக்குள்ளேயே எழுதுவது. இரண்டு, பக்கத்தின் தலைப்பகுதியில் எழுதுவது. மூன்று, தனிக் கோப்பில் எழுதி எல்லாப் பக்கங்களையும் அதனோடு இணைப்பது.

பள்ளிச் சீருடையை நினைத்துப் பாருங்கள். ஒவ்வொரு மாணவனிடமும் தனித்தனியாகச் சொல்வது முதல் வழி. வகுப்புக்கு வகுப்பு எழுதி ஒட்டுவது இரண்டாவது. தலைமையாசிரியர் பள்ளி முழுமைக்கும் ஒரே அறிவிப்பு வைப்பது மூன்றாவது. நாளைக்கு நிறம் மாறினால் எது சுலபம்? நீங்களே சொல்லுங்கள்! ஆகவே பொதுவிதிகள் தனிக் கோப்பில் இருக்கட்டும். ஒரே பக்கத்துக்கு உரியது அதன் தலைப்பகுதியில் இருக்கலாம். வரிக்குள் எழுதுவதை அவசரத்துக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்றும் உண்டு. எழுதியவர் விருப்பத்தோடு படிப்பவர் விருப்பமும் சேரவேண்டும் என்பது லீ அவர்களின் தொடக்கக் கருத்து. 1998-இல் வந்த இரண்டாம் பதிப்பு, படிப்பவர் 'முக்கியம்' என்று குறித்த விதியே வெல்லும் என்றது. கண் மங்கிய தாத்தா தமக்கேற்றபடி எழுத்தைப் பெரிதாக்கிப் படிக்க வழி பிறந்தது. கருத்து வேறு, அலங்காரம் வேறு என்று பிரித்து வைத்ததன் பலன் இதுதான்.

மாணவர்களே, நாளை நீங்கள் தளம் அமைக்கும்போது அந்தத் தாத்தாவையும் நினைத்துக்கொள்ளுங்கள்!