அனிமே குரல்கள் – 14: கட்டட வேலையிலிருந்து டிராகன் பால் வரை

1972-இல் 'மஜிங்கர் இசட்' பாட்டைப் பாடி ஜப்பானியச் சிறுவர்களின் செல்லமாகிவிட்ட இச்சிரோ மிசூகியைப் பற்றிச் சென்ற வாரம் பார்த்தோம். இந்த வாரம் ஹிரோனோபு காகெயாமா. அனிமே பாட்டுக்குள் ராக் இசையை முழு வேகத்தோடு கொண்டுவந்தவர்களில் இவருக்குத்தான் முதலிடம் தருவேன்.

1961-இல் ஒசாகாவில் பிறந்தவர். பள்ளித் தோழர்களோடு சேர்ந்து 'லேஸி' என்ற குழுவைத் தொடங்கினார். டீப் பர்ப்பிள் பாட்டு ஒன்றின் தலைப்பையே குழுவுக்குப் பெயராக வைத்தார்கள். பையன்களின் ஆசை எதில் இருந்தது என்று அதிலேயே தெரிகிறது. ஆனால் 1977-இல் முதல் இசைத்தட்டு வந்தபோது அவர்களுக்குக் கிடைத்தது வேறு வேடம். பளபளக்கும் உடை, ஆளுக்கொரு செல்லப்பெயர், பதின்வயதுப் பெண்களுக்கான காதல் பாட்டுகள். 16 வயதுக் காகெயாமாவுக்கு வைத்த பெயர் 'மிஷெல்'. அடுத்த ஆண்டு ஒரு பாட்டு நன்றாகவே ஓடியது. இருந்தும் உள்ளே புழுக்கம். 1980-இல் தங்களுக்குப் பிடித்த ஹெவி மெட்டலில் ஓர் ஆல்பம் போட்டார்கள். மறு ஆண்டே குழு கலைந்துவிட்டது.

கிட்டார் வாசித்த அகிரா தகாசாகியும் டிரம்ஸ் வாசித்த முனேதகா ஹிகுச்சியும் 'லவுட்னெஸ்' குழுவைத் தொடங்கி அமெரிக்கா வரை பேர் வாங்கினார்கள். பாடகரோ தனித்து நின்றார். தனியாகப் போட்ட இசைத்தட்டுகள் கைகொடுக்கவில்லை. கட்டட வேலைக்குப் போய்ச் சம்பாதித்துக்கொண்டே சின்னச் சின்ன அரங்குகளில் பாடினார்.

1985-இல் 'சேஞ்ச்மேன்' என்ற சிறுவர் சாகசத் தொடருக்குப் பாட அழைப்பு வந்தது. 'காகே' என்ற பெயரில் பாடினார். ராக் பாடகன் சிறுவர் நிகழ்ச்சிக்குப் பாடுவதை இறக்கமாகப் பார்த்த காலம் அது. அவருக்கோ அதுதான் மறுபிறப்பு.

1989 ஏப்ரலில் 'டிராகன் பால் இசட்' ஒளிபரப்பானது. அதன் தொடக்கப் பாடல் 'சா-லா ஹெட்-சா-லா'. தொலைக்காட்சியில் இப்படிப்பட்ட பாட்டுக்குக் கிடைப்பது ஏறக்குறைய 90 நொடி. அதற்குள் கிட்டாரும் டிரம்ஸும் முட்டி மோதுகின்றன. காகெயாமா அவற்றோடு மல்லுக்கு நிற்பதில்லை. முதல் வரிகளைச் சிரித்த முகத்தோடு பாடுவதுபோல் இலகுவாகப் பாடிவருகிறார். பல்லவி வந்ததும் பொய்க்குரலுக்கு மாறாமல், நெஞ்சுக்குரலிலேயே மேல் ஸ்தாயிக்குத் தாவுகிறார். அந்த உயரத்திலும் ஒவ்வொரு எழுத்தும் தெளிவாகக் காதில் விழுகிறது. குழந்தைகள் கூடவே பாடுவதற்கு அதுதானே வேண்டும்? முதல் 199 அத்தியாயங்களுக்கும் இதே பாட்டுதான்.

2000-இல் மிசூகி 'ஜாம் புராஜெக்ட்' குழுவைத் தொடங்கியபோது காகெயாமாவும் அதில் இருந்தார். பின்னாளில் அதன் தலைவரே ஆனார். அந்தக் குழுவின் பாட்டுகளை வெளியிட்ட லாண்டிஸ் நிறுவனத்தைத் தொடங்கியவர்களில் ஒருவர் ஷுன்ஜி இனோவே. லேஸியில் கீபோர்டு வாசித்த அதே பழைய தோழர்! 2015-இல் 'ஒன் பஞ்ச் மேன்' பாட்டில் கேட்கும்போது காகெயாமாவுக்கு வயது 54. குரலில் தளர்ச்சியே இல்லை.

'டிராகன் பால் இசட்'டை வேறு மொழியில் மட்டும் பார்த்தவர்கள், அந்தத் தொடக்கப் பாடலை ஜப்பானிய மொழியில் ஒருமுறை கேட்டுவிடுங்கள். அடுத்த வாரம் 1995-க்குப் போவோம்: 'இவாஞ்சலியன்' தொடருக்குப் பாடிய யோகோ தகாஹாஷி.