டிரையத்லான்: காயத்துக்குப் பின் மீள்வருகை

நீச்சல், சைக்கிள் ஓட்டம், ஓட்டம் ஆகிய மூன்றையும் இடைவிடாது தொடரும் டிரையத்லானில், காயமுற்ற வீரர் படிப்படியாகப் பயிற்சிக்கும் போட்டிக்கும் திரும்பும் முறை.

வகைகள்: காயங்கள் இருவகைப்படும். மிகைப்பயன்பாட்டுக் காயங்களே பெரும்பான்மை. குதிகால் தசைநாண் பாதிப்பு, காலெலும்பில் மயிரிழை முறிவு, முழங்கால் வலி, நீச்சலால் வரும் தோள்வலி ஆகியவை இவற்றில் அடங்கும். திடீர்க் காயங்கள் பெரும்பாலும் சைக்கிள் விபத்தால் நேர்பவை. காறை எலும்பு முறிவு இவற்றுள் பரவலானது.

முறை: மூன்று துறைகள் இருப்பதால், ஒன்று தடைப்பட்டாலும் மற்றவற்றால் இதய, நுரையீரல் திறனைக் காக்கலாம். கால் காயத்தில், தொடைகளுக்கிடையே மிதவை வைத்து நீந்துதலும் ஆழ்நீர் ஓட்டமும் உதவும். எலும்பில் மோதல்விசை மிகுவதால் ஓட்டம் பொதுவாகக் கடைசியில், நடையும் ஓட்டமும் மாறிமாறித் தொடங்கும். முதலில் கால அளவும் பின்னர் வேகமும் கூட்டப்படும். பயிற்சியின்போதும் மறுநாளும் தோன்றும் வலி அடுத்த படியைத் தீர்மானிக்கும். சைக்கிளிலிருந்து உடனே ஓட்டத்துக்கு மாறும் பயிற்சி பின்னரே சேர்க்கப்படும்.

எடுத்துக்காட்டுகள்: பிரிட்டனின் அலிஸ்டர் பிரவுன்லி 2012 தொடக்கத்தில் குதிகால் தசைநாண் கிழிந்தும், அவ்வாண்டு லண்டன் ஒலிம்பிக்கில் தங்கம் வென்றார். அதே நாட்டின் டிம் டான், 2017 அக்டோபரில் ஹவாயில் வாகனம் மோதிக் கழுத்தெலும்பு முறிந்தவர். 2018 ஏப்ரலில் பாஸ்டன் மாரத்தானை 3 மணி நேரத்துக்குள் முடித்தார்.

முக்கியத்துவம்: அவசர மீள்வருகை காயத்தை மீண்டும் வரச் செய்யும்; மருத்துவர், இயன்முறை மருத்துவர், பயிற்சியாளர் ஆகியோரின் ஒருங்கிணைந்த மேற்பார்வை அதைத் தவிர்க்க உதவும்.